ஒடி, குலுக்கு

பள்ளத்தூர்க் கல்யாணத்துக்கு லைட்செட் நான்தான்.
முகப்பில் சீரியல், வளவில் ஹாலஜன் ஆறு.
எனக்குத் தெரிந்த வெளிச்சம் கைவைத்தால் சுடும்;
பூச்சி விழுந்து கருகும், ஒயர் இளகி நாறும்.
பில்லில் அதற்கெல்லாம் வரி கிடையாது.

மாப்பிள்ளையின் நண்பர்கள் ஓர் அட்டைப்பெட்டி இறக்கினார்கள்.
உள்ளே பிளாஸ்டிக் குச்சிகள்,
வெள்ளரிப் பிஞ்சு மாதிரி சாதுவாக.
மூடியில் படம் போட்டிருந்தது:
ஒடி. குலுக்கு.

பாட்டு தொடங்கியதும்
என் ஹாலஜனை அணைக்கச் சொன்னார்கள்.
இருநூறு மணிக்கட்டுகளில் பச்சை, ரோஸ், மஞ்சள்.
ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கிக்கொண்டு போனது நிறம்.
பதினேழு வருஷத்தில்
என் வெளிச்சத்துக்கு ஒருவரும் கைதட்டியதில்லை.
எனக்கு வயிறு எரிந்தது.
அந்த நேரம் அங்கே எரிந்தது அது ஒன்றுதான்.

பத்தரைக்கு மூன்றாங்கட்டிலிருந்து ஓடிவந்தான் சின்னான்.
"அண்ணே, கேஸ் நாறுது."
சமையல் மாஸ்டர் ஆவுடையப்பனுக்கு அன்றைக்கு ஜலதோஷம்.
இல்லாவிட்டால் அந்த மூக்கு
கடுகு தீய்வதற்கு முன்பே கத்தும்.

வாசலுக்கு ஓடி மெயினை இறக்கினேன்.
ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது.
ஸ்விட்சைத் தொடாதே.
போனை எடுக்காதே.
பீடி பேரையே சொல்லாதே.

கேஸ் காற்றைவிடக் கனம்.
கண்மாய்த் தண்ணீர் போல முழங்கால் அளவுக்கு நிற்கும்.
உள்ளே பதினாலு சிலிண்டர்.
எது கசிகிறது என்று இருட்டில் எப்படித் தேட?
வெளிச்சத்தை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன்,
உள்ளே எடுத்துப்போக
என்னிடம் ஒரு வெளிச்சம் இல்லை.

உமையாளுக்கு ஏழு வயசு.
பாவாடை மடியில் ஒடிக்காத குச்சிகள் வைத்திருந்தாள்,
நாளைக்கென்று பதுக்கியது.
"இது சுடவே சுடாது, மாமா."
எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்.

ஒடித்தேன்.
உள்ளே கண்ணாடி நொறுங்கியது,
கொலுசுமணி ஒன்று உதிர்ந்த அளவுக்குச் சத்தம்.
குலுக்கினேன்.
பல்லில் ஒன்று, கையில் மூன்று, இடுப்பில் இரண்டு.
மூக்கில் ஈரத்துண்டு.

பச்சையாகத் தெரிந்தது எல்லாம்.
அண்டா பச்சை, அரிந்து குவித்த வெங்காயம் பச்சை,
தாம்பாளத்துக் கந்தரப்பம்
ஏதோ கடலடியில் கிடக்கிற காசு.
ஒன்பதாவது சிலிண்டர்.
ரெகுலேட்டர் வாய் கோணி, சீறிக்கொண்டிருந்தது.
திருகினேன்.
பின்கதவு இரண்டையும் விரியத் திறந்துவிட்டு
வெளியே வந்து உட்கார்ந்தேன், கால் நிற்கவில்லை.

தெரு முழுக்க மணிக்கட்டுகள்.
ஆளைத் தெரியவில்லை,
நிறங்களை எண்ணித்தான்
எல்லோரும் வந்தாயிற்றா என்று பார்த்தார்கள்.

நாற்றம் போகக் காத்திருந்தபோது
பெண்ணின் தோழி தேனம்மை, கெமிஸ்ட்ரிக்காரி,
கேட்காமலே சொன்னாள்.
உள்ளே சின்னக் கண்ணாடிக் குழாயில் பெராக்சைடாம்,
சுற்றிலும் வேறொரு திரவம், கூடவே சாயம்.
இரண்டும் கலந்தால் சூடில்லாமல் வெளிச்சம்.
மின்மினி எப்போதோ முடித்துவிட்ட வேலையை
அமெரிக்காவில் அறுபதுகளில்தான் மனுஷன் ஆரம்பித்தானாம்.
கடற்படை காசு போட்டதாம்.
முங்குகிறவனுக்கு, பாராசூட்டில் குதிக்கிறவனுக்கு,
வாயு கட்டிய சுரங்கத்துக்கு, கவிழ்ந்த படகுக்கு.
தூண்டில் நரம்பில் கட்டுகிறவர்களும் உண்டாம்.
ஆட்டம் பாட்டமெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

"அப்படியென்றால் இன்றைக்கு
பழைய உத்தியோகத்துக்குத் திரும்பியிருக்கிறது"
என்றார் ஆவுடையப்பன், மூக்கைச் சிந்திக்கொண்டே.

ஒடித்ததை அணைக்க முடியாது என்றாள் தேனம்மை.
வெந்நீரில் போட்டால் பளீரென்று காட்டிச் சீக்கிரம் சாகும்.
குளிரில் வைத்தால் மங்கி, மறுநாள் வரை இழுக்கும்.

உமையாள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.
விடியற்காலை நாலரைக்கு, மேளம் சேரும் நேரம்,
குல்ஃபிப் பெட்டியைத் திறந்த மலைச்சாமி
"யாத்தே!" என்று அலறினான்.
ஐஸுக்கு நடுவே ஆறு குச்சி,
பாசி படிந்த மாதிரி, இன்னும்.

என் பில்லைப் பார்க்க அவளும் வந்தாள்.
சீரியல், ஹாலஜன், டீசல், ஆள்கூலி.
அதற்குக் கீழே
குச்சி ஆறு என்று அவளே எழுதினாள்,
"று"வைத் திருப்பிப் போட்டு.
தொகை எழுதவில்லை.
"நீங்கதான் எனக்குத் தரணும், மாமா.
ஒடிக்காதது."